மஞ்சளாய்த் திரும்பிய ஆரத்தி

ராசிபுரம்,
விக்ரம வருஷம் மாசி 24, வெள்ளிக்கிழமை

அன்பும் மதிப்பும் மிக்க அண்ணாவுக்கு, தங்கை சௌந்திரம் வணங்கி எழுதிக்கொண்டது.

இந்நேரத்துக்குக் கடிதம் எழுத உட்கார்ந்ததற்கு முதலில் மன்னிக்க வேண்டும். தெருவில் கடைசித் தறியும் ஓய்ந்து ஒரு ஜாமம் ஆகிறது. உங்கள் மருமகள் பெரியநாயகி தூங்குவதுபோல் இரண்டு தரம் ஏமாற்றிவிட்டு இப்போதுதான் நிஜமாகவே தூங்குகிறாள். இடது கையில் தூளிக் கயிறு, வலது கையில் பேனா. வரி ஏறி இறங்கினால் அது தூளியின் குற்றம், என்னுடையதல்ல. காலையில் எழுதக்கூடாதா என்பீர்கள். காலை முதல் தபாலில் இது போயாக வேண்டும். அதோடு இந்த விஷயத்தை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு விடியும்வரை படுத்திருக்க என்னால் ஆகாது.

அங்கே நீங்களும் அம்மாவும் ஒரு குறையுமில்லாமல் இருக்க அம்மன் துணை. இங்கே குழந்தைக்குச் சளி விட்டது. உங்கள் மாப்பிள்ளைக்கு முதுகு வலி, அது தறியோடு பிறந்தது, தறியோடுதான் போகும். மாமியார் அத்தைக்கு ஒன்றுமில்லை. எனக்கு மட்டும் பதினோரு மணியிலிருந்து ஒரு வேலையும் ஓடவில்லை.

என் நாத்தனார் ராசாத்தி இந்த வருஷம் எஸ்.எஸ்.எல்.சி. எழுதுகிறாள், மார்ச்சு பதினேழாம் தேதி பரீட்சை தொடக்கம், இருபதாம் தேதி சயன்ஸ் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரியாதது என்னவென்றால், அரைப்பரீட்சையில் அவள் சயன்ஸில் வாங்கியது நூற்றுக்குப் பத்தொன்பது. அதிலும் பதினேழு பௌதிகத்தில். ரசாயனத்தில் இரண்டு, அந்த இரண்டும் குடுவையின் படத்தை அழகாகப் போட்டதற்காக. மார்க்கு வந்த அன்றைக்கு வீடே கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது பக்கத்து வீட்டுச் சின்னாயி அக்கா வந்து, "காலேஜு படிச்ச மருமவ ஊட்டுலயே இருக்கறப்ப வாத்தியார எங்கீங்க போயித் தேடறது?" என்று ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டுப் போக, நானும் வாய் கூசாமல், "அத்தை, நான் தேற வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். இண்டர்மீடியட்டில் ரசாயனத்தில் நான் எப்படித் தேறினேன் என்பது உலகத்தில் உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். ராசாத்தி தேறினால் சேலத்துக்குப் போய் இரண்டு வருஷம் உபாத்தியாயினி டிரெயினிங் படிக்கலாம் என்று உங்கள் மாப்பிள்ளை பொங்கலன்றைக்கு அவளிடம் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் அதை நம்பி ஒரு தகரப் பெட்டி வாங்கி, வெள்ளைப் பெயிண்டில் பெயர்கூட எழுதிக் காயவைத்துவிட்டது.

பெயர் காய்வதற்குள் கெங்கவல்லியிலிருந்து பெரியம்மா முத்தாயம்மாள் ஆள் அனுப்பினார். இவர் யாரென்றால் காலஞ்சென்ற என் மாமனாரின் அக்காள். ராசாத்தி தொட்டிலில் கிடந்த காலத்தில், "இவ உன்ற ஊட்டுக்குத்தான் அக்கா" என்று மாமனார் ஒரு வார்த்தை சொன்னாராம். மாமனார் போய் ஆறு வருஷம் ஆகிறது, வார்த்தை மட்டும் திடகாத்திரமாக இருக்கிறது. பையன் கந்தவேலுக்கு நூல் கடை. குறை சொல்ல ஒன்றுமில்லை, நல்ல பையன்தான். ஆனால் பெரியம்மா சொல்லி அனுப்பியது, மாசி கடைசி வெள்ளியில் உறுதி வார்த்தை, பங்குனியிலேயே கல்யாணம். பரீட்சை என்று உங்கள் மாப்பிள்ளை மெல்ல இழுத்ததற்கு, "அவ எழுதித்தான் எங்கூட்டு அடுப்பு எரியோணுமா?" என்று பதில் வந்தது. அவர் தறியில் போய் உட்கார்ந்துகொண்டார். அத்தையிடம் போனேன். "நாத்தி வார்த்தைக்கு எதுத்து நா என்ன அம்மிணி பேசறது? நாளைக்கு நல்லது கெட்டதுக்கு மூஞ்சி பாக்க வேண்டாமா?" என்று அவரும் கையை விரித்துவிட்டார். ஆக, இன்றைக்கு உறுதி வார்த்தை முடிந்தால் ராசாத்தி பரீட்சைக்குப் போகப்போவதில்லை. இது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ராசாத்தி மட்டும் தகரப் பெட்டியை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டே, "எதுக்கும் நாம படிப்பமுங்க அண்ணி" என்றாள்.

படித்தோம். நீங்கள் அனுப்பிய பார்சல் போன வாரம் வந்தது. கண்ணாடிக் குழாய் இரண்டும் உடையாமல் வந்தன, லிட்மஸ் தாள் புத்தகம் நீலம் ஒன்று, சிவப்பு ஒன்று. முதல் நாள் முழுக்க எங்களுக்குள் மொழிபெயர்ப்பிலேயே போயிற்று. நான் காலேஜில் இங்கிலீஷில் படித்தவள், அவள் இப்போது தமிழில் படிக்கிறாள். நான் ஆக்ஸிஜன் என்றால் அவள் முழிக்கிறாள், அவள் பிராணவாயு என்றால் எனக்கு யாருக்கோ மூச்சு வாங்குவதுபோல் இருக்கிறது. இரண்டு பேரும் ஒரே வாயுவைத்தான் பேசுகிறோம் என்று கண்டுபிடித்த பிறகு, பௌதிக மாற்றம், ரசாயன மாற்றம் ஆரம்பித்தோம். நெய் உறைந்தால் பௌதிகம், உருக்கினால் பழையபடி நெய். பால் தயிரானால் ரசாயனம், பாலாகத் திரும்பாது. இதுவரை நன்றாகத்தான் போனது. "அப்ப வெண்ணெய் நெய்யாவுறது என்னங்க அண்ணி?" என்று கேட்டாளே பார்க்கலாம்! ராசிபுரத்தில் இருந்துகொண்டு நெய்யைப் பற்றிக் கேட்டால் தெரியாது என்று சொல்ல முடியுமா? யோசிப்பதுபோல் குழந்தையைக் கிள்ளிவிட்டு, அது அழவும் எழுந்து போய்விட்டேன். தயவுசெய்து இதற்குப் பதில் எழுதுங்கள்.

அடுத்தது சுண்ணாம்புத் தெளிவு. மூச்சை ஊதினால் கரியமிலவாயு பட்டுப் பால்போல் ஆகவேண்டும் அல்லவா, ஊதுவதற்குத் தறியில் ஊடை நூலுக்குத் தார் சுற்றும் நாணல் குழலை எடுத்துக்கொண்டோம். நாங்கள் ஊதினோம், சின்னாயி அக்கா ஊதினாள், அவள் வீட்டு ஆட்கள் வந்து ஊதினார்கள். எல்லார் மூச்சும் ஒரே மாதிரிதான் என்று தெரிந்ததில் தெருவுக்கே ஒரு சமாதானம் ஏற்பட்டது. சாயந்திரம் தறிக்கு உட்கார்ந்த உங்கள் மாப்பிள்ளைக்குத் தார்க்குழல் ஒன்றுகூட இல்லை. எழுந்து வந்து அவரும் ஒருமுறை ஊதிப் பார்த்துவிட்டுப் போனார்.

இனி லிட்மஸ் சமாசாரத்துக்கு வருகிறேன். ராசாத்தி ஆர்வத்தில் மோர், புளித்தண்ணீர், சவுக்காரத் தண்ணீர், பின்கட்டுப் பட்டறையில் பட்டு வேகவைக்கும் சோடாக் கரைசல், அண்ணனின் வேர்வை என்று வீட்டில் ஈரமாக இருந்த எல்லாவற்றிலும் தாளைத் தோய்த்து நோட்டில் எழுதிக்கொண்டாள். கடைசி நீலத் தாளைக் காணோம். தேடினால் உங்கள் மருமகள் வாயில் இருக்கிறது! நான் போட்ட கூச்சலில் தெருவில் நாலு தறி நின்றது. விரலை விட்டு எடுத்தேன். தாள் செக்கச்செவேலென்று இருந்தது. எனக்கு உயிரே இல்லை. ராசாத்தி தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "பயப்படாதீங்க அண்ணி, கக்குன பாலு புளிச்சிருக்குது, அதானுங்க" என்று சொல்லி, நோட்டில் 'பாப்பா, அமிலம்' என்று எழுதிக்கொண்டாள். பாதித் தாள் உள்ளே போயிருக்குமோ என்று எனக்கு இன்னும் சந்தேகம். மூன்று நாளாக விளையாடுகிறாள், சிரிக்கிறாள். இருந்தாலும் லிட்மஸ் விஷமா இல்லையா என்று ஒரு வரி எழுதுங்கள்.

இத்தனை படித்தும் ஒரே ஒரு இடம் மட்டும் அவள் தலையில் ஏறவில்லை. "அமிலமும் காரமும் சேர்ந்தால் என்ன வரும்?" என்று கேட்பேன். "சண்டைங்க அண்ணி" என்பாள். உப்பும் தண்ணீரும் என்று பத்துத் தரம் சொல்லிக்கொடுத்தேன். பதினோராவது தரமும் சண்டைதான். லிட்மஸ் தீர்ந்துபோனதால் மஞ்சளைப் பிடித்தேன். பழைய வேட்டியைக் கிழித்து மஞ்சளில் நனைத்துக் காயவைத்து, சுண்ணாம்புத் தண்ணீரில் தோய்த்தால் சிவப்பு, எலுமிச்சைச் சாற்றில் தோய்த்தால் மறுபடி மஞ்சள். ராசாத்தி ஆவென்று பார்த்தாள். நேற்று அத்தைகூட அடுக்களை வேலையை விட்டுவிட்டு வந்து பக்கத்தில் குந்தி, "ஏன் அம்மிணி, சொம்புத் தண்ணிக்கு எத்தனை பழம் புழிஞ்சா இப்படித் திரும்பும்?" என்று விசாரித்தார். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் சயன்ஸில் நாட்டம் வந்துவிட்டதே என்று எனக்கு ஒரே பெருமை. பத்துப் பழம் என்று சொல்லி, பிழிந்தும் காட்டினேன். அண்ணா, அந்தப் பெருமைதான் இன்றைக்கு என் தலையில் விடிந்தது.

இன்று பதினோரு மணி பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். முத்தாயம்மாள் பெரியம்மா, அவர் வீட்டுக்காரர் காளியண்ணன், பையன் கந்தவேல். மாப்பிள்ளைப் பையன் நிலைப்படி தாண்டும் முன்னால் ஆரத்தி எடுத்தாக வேண்டும் அல்லவா. அத்தை வெள்ளைச் சேலைக்காரர், முன்னால் வந்து நிற்கமாட்டார். எடுப்பதற்கு நானும் சின்னாயி அக்காவும். வழக்கமாகக் கரைப்பதும் நான்தான், ஆனால் இன்று, "நீ கொழந்தயப் பாரு சாமி, நா கரைச்சுத் தாரேன்" என்று அத்தையே அடுக்களையில் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்துத் தட்டை நீட்டினார். நல்ல சிவப்பு. ஒரு சுற்றுச் சுற்றியிருப்போம். கதவுக்குப் பின்னாலிருந்து அத்தையின் கை ஒரு சொம்போடு வந்தது. "தட்டுல தண்ணி பத்தாது அம்மிணி, இத ஊத்திக்க." வாங்கி ஊற்றினேன். எலுமிச்சை வாசனை வந்தது, பானகத்துக்குப் பிழிந்தது கையில் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாவது சுற்றில் ஓரமெல்லாம் வெளுத்தது. மூன்றாவது சுற்றில் தட்டு முழுக்க மஞ்சள். மங்கல மஞ்சள்கூட இல்லை அண்ணா, காமாலை மஞ்சள்!

சின்னாயி அக்கா தன் பக்கத்துத் தட்டை விட்டுவிட்டு ஓரடி தள்ளி நின்றுகொண்டாள். பெரியம்மா உள்ளே வைத்த காலை வெளியே எடுத்தார். "அட ஆத்தா, செவப்பு எங்க போச்சு? நெலப்படிலயே நெறம் போயிருச்சே! டேய் கந்தவேலு, கால எடுத்து உள்ள வெக்காதே!" கதவுக்குப் பின்னால் அத்தை, "ஐயோ சாமி, அம்மன் உத்தரவு இல்லையாட்டம் இருக்குதே! இந்த ஊட்டுக்கு இப்பப் போயி இப்படி ஒரு சோதனையா!" என்று பெருங்குரலெடுத்துவிட்டார். மாமனார் போனபோதுகூட அத்தை அவ்வளவு உரக்க அழவில்லை என்று பின்னால் சின்னாயி அக்கா சொன்னாள். உங்கள் மாப்பிள்ளை தூணுக்குப் பக்கத்தில் இன்னொரு தூணாக நின்றார். எனக்கோ பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது. நேற்று நான் பிழிந்து காட்டிய அதே எலுமிச்சைச் சொம்பு! பட்டறையில் உரலுக்குப் பக்கத்தில் வைத்ததாக ஞாபகம், ஆனால் குழந்தை பிறந்ததிலிருந்து என் ஞாபகத்தை நானே நம்புவதில்லை. தண்ணீர்ப் பானை அருகே கொண்டுவந்து வைத்திருப்பேன், பாவம் அத்தை, தண்ணீர் என்று நினைத்து எடுத்து நீட்டியிருக்கிறார். ஒரு நல்ல காரியத்தில் என் அஜாக்கிரதையால் இப்படி ஒரு பழியா!

அப்போது வந்தாள் ராசாத்தி. பட்டுச் சேலை, தலை நிறையப் பூ, கூப்பிடுமுன் வெளியே வரக்கூடாத பெண், விருந்தாளிகளுக்கு வைத்த வெற்றிலைத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு நேரே வாசலுக்கு வந்தாள். "பெரியத்தே, கொஞ்சம் நில்லுங்க. அது சகுனமில்லீங்க. அமிலமுங்க."

"கம்முனு உள்ள போ புள்ள!" என்று கதவுக்குப் பின்னாலிருந்து அத்தை அவள் கையைக் கிள்ளினார். பெண் அடக்கமில்லாமல் வெளியே வந்துவிட்டாளே என்ற ஆதங்கம். அவள் நகரவில்லை. வெற்றிலைத் தட்டிலிருந்த சுண்ணாம்பை விரலில் வழித்து ஆரத்தியில் கரைத்தாள். ரத்தச் சிவப்பு! கூடியிருந்தவர்கள் எல்லாரும் ஒரு மூச்சு இழுத்தார்கள். "பாத்தீங்ளா? மஞ்சளோட காரம் சேந்தா செவப்புங்க. சுண்ணாம்பு காரம். எலுமிச்சை அமிலம். அமிலமும் காரமும் சேந்தா ஒண்ண ஒண்ணு அடக்கிக்கிட்டு..." என்று நிறுத்தினாள். நான் தட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, சண்டை என்று மட்டும் சொல்லிவிடாதே தாயே என்று வேண்டிக்கொண்டேன். "...உப்பும் தண்ணியும் ஆயிருமுங்க" என்றாள். என் கண்ணில் நீர் முட்டிவிட்டது. பத்துத் தரம் சொல்லியும் வராதது நிலைப்படியில் வந்ததே!

"இன்னொருக்கா மஞ்சளாக்குங்க, பாக்கலாம்" என்றான் கந்தவேல். சொம்பில் மிச்சமிருந்ததை ஊற்றி ஆக்கினாள். சிவப்பாக்கினாள். மறுபடி மஞ்சள். தறிக்காரர்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு வாசலில் வந்து குவிந்தார்கள். காளியண்ணன் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்து, "அப்ப இது மாரியாத்தா கோவமில்லீங்கற?" என்றார். "இல்லீங் மாமா, எலுமிச்சம்பழம்." அவர் விழுந்து விழுந்து சிரித்தார். கடைசியில் பெரியம்மாவே, "எங்க, நா ஒரு கிள்ளு போடறேன்" என்று சுண்ணாம்பைப் போட்டு, சிவந்ததும் சின்னப் பிள்ளைபோல் எல்லார் முகத்தையும் பார்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது: சகுனம் சரியாகிவிட்டது, இனி உள்ளே வந்து உட்கார்ந்து உறுதி வார்த்தை பேசிவிடுவார்கள்! இந்தப் பெண் தன் பரீட்சைக்குத் தானே வேட்டு வைத்துவிட்டதே! கதவுக்குப் பின்னால் அத்தையின் அழுகை இன்னும் பலமாயிற்று.

காப்பாற்றியவர் காளியண்ணன்தான். "இத்தனை தெரிஞ்ச புள்ளையப் பரீட்சை எழுத உடாம இழுத்துட்டுப் போனா கெங்கவல்லியில நம்மளப் பாத்துத்தான் சிரிப்பாங்க முத்தாயி. எழுதட்டும்" என்றார். பெரியம்மா சற்று யோசித்து, "எழுதட்டும். எப்படியும் ஒருக்கா வெளுத்த ஆரத்தியில நா உறுதி பண்ணமாட்டேன். வைகாசியில வாரோம், புதுசாக் கரைச்சு வையுங்க" என்று சொல்லிவிட்டு, உள்ளே வந்து மூன்று வாய் அதிகமாகவே சாப்பிட்டார். நாலு மணி பஸ்ஸுக்கு மூவரும் கிளம்பிப் போனார்கள். ராசாத்தி பரீட்சை எழுதப் போகிறாள், அண்ணா! இப்போது பக்கத்து அறையில் தகரப் பெட்டியைத் தலைக்கு வைத்துத் தூங்குகிறாள்.

நடந்தது நல்லதாக முடிந்தது என்றாலும், அத்தை கையாலேயே அந்தச் சொம்பை எடுக்க வைத்துவிட்டேனே என்ற குற்றம் என்னை அரிக்கிறது. சாயந்திரம் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டேன். "போவுது உடு" என்றார், முகத்தைக்கூடத் திருப்பவில்லை. அந்த மனசு வேறு யாருக்கு வரும்? பரீட்சையில் லிட்மஸுக்குப் பதில் மஞ்சள் துணி என்று எழுதினால் மார்க்கு உண்டா என்றும் எழுதுங்கள். அம்மாவுக்கு என் வணக்கமும் பாப்பாவின் முத்தமும். உங்கள் ஆசீர்வாதம் ராசாத்திக்கு இருபதாம் தேதிவரை கொஞ்சம் கூடுதலாக வேண்டும்.

இப்படிக்கு, தங்கள் அன்புத் தங்கை,
சௌந்திரம்

பின்குறிப்பு: மடித்த கடிதத்தை மறுபடி பிரித்து எழுதுகிறேன். தண்ணீர் குடிக்க எழுந்த அத்தை, "அண்ணனுக்கா? படி, கேக்கலாம்" என்று எதிரில் உட்கார்ந்தார். படித்தேன். சொம்பை இடம் மாற்றி வைத்ததற்கு என்னையே நான் திட்டிக்கொண்ட இடம் வந்ததும் வாயில் சேலையைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "அத அடிச்சிரு அம்மிணி. நீ உரலுக்குப் பக்கத்துலதான் வெச்சிருந்த. நாந்தான் எடுத்தாந்தேன். பத்துப் பழம் பத்தாதுன்னு இன்னும் நாலு புழிஞ்சு, தட்டுல சுண்ணாம்பும் கொறச்சுத்தான் போட்டேன். சாயக்காரன் மவ நானு, வயசுக்கு வாரதுக்கு முன்னாலிருந்தே பட்டு நனைக்கறேன், எலுமிச்சைக்கு மஞ்ச திரும்பும்னு எனக்கா தெரியாது? நாத்திகிட்ட நா முடியாதுன்னா பகை, உன்ற ஊட்டுக்காரன் முடியாதுன்னா பகை. அம்மன் முடியாதுன்னா ஆருக்கும் பொல்லாப்பில்ல. எல்லாஞ் சரியாத்தான் போச்சு, இந்தப் புள்ள வந்து வெளக்கஞ் சொல்லிக் கெடுத்துப்புட்டா. நா கிள்ளுன கிள்ளுக்கு ஒரு கல்லுக்கூட அழுதிருக்கும். எல்லாம் நீ சொல்லிக் குடுத்த படிப்பு!"

ஆகையால் மேலே நான் எழுதிய குற்றம், மன்னிப்பு, பாவம் அத்தை எல்லாவற்றையும் அடித்துவிட்டுப் படியுங்கள், படித்ததும் கிழித்துவிடுங்கள். உங்கள் மாப்பிள்ளைக்கு ஒரு வார்த்தை தெரியக்கூடாது. நெய்யும் லிட்மஸும் இருக்கட்டும், அத்தைக்குத்தான் இப்போது ஒரே ஒரு சந்தேகம்: டிரெயினிங் முடிய இரண்டு வருஷமாகும், வைகாசியில் அவர்கள் திரும்ப வருவார்கள். சுண்ணாம்பை எவ்வளவு கரைத்தாலும் சிவப்புக்குத் திரும்பாதபடி ஆரத்தியை மஞ்சளாக்குவதற்கு ஏதாவது வழி உண்டா? சீக்கிரம் பதில் போடுங்கள்.